உறை நீங்காப் பொம்மைகள்

கதிரவன் முழுதாய் எழாத இளங்காலைப் பொழுதில், செவிலியர் கல்லூரியின் விரிவுபடுத்தப்பட்ட பயிற்சிக்கூடம், சுண்ணமணம் மாறாத சுவர்களும், முகம் தெரியப் பளபளக்கும் தரையும், வரிசை குலையாத கட்டில்களும் கொண்டு, காண்போர் கண்ணைப் பறிக்கும் பொலிவோடு நின்றது. கற்றறிந்த பெருமக்களே, அக்கட்டில்களில் கிடந்தவை நோயுற்ற உடல்கள் அல்ல. செவிலியம் பயிலும் பெண்கள் தொட்டும் அழுத்தியும் ஊசி குத்தியும் கைபழகுவதற்கென வாங்கப்பட்ட பொம்மைகள். ஆனால் அவற்றை இன்றுவரை எவரும் அழுத்தியதுமில்லை, குத்தியதுமில்லை. வந்திறங்கிய நாளில் இருந்த நெகிழி உறை அப்படியே இருந்தது.

கூடுதல் மாணவர் இடங்களுக்கு ஒப்புதல் தரும் ஆய்வுக்குழு வந்து பார்க்கும்வரை ஒரு கீறலும் விழலாகாது என்பது கல்லூரி முதல்வரின் ஆணை. ஆகவே மாணவியர் உறையின்மேல் உள்ளங்கையைப் பட்டும் படாமலும் வைத்து, எண்ணிக்கையை மட்டும் உரக்கச் சொல்லி, நின்ற நெஞ்சை அழுத்தி மீட்கும் முறையில் தேர்ச்சி பெற்றதாகக் கணக்காயிற்று. மாணவியர் மறைவில் 'மிளகாய்' என்றழைக்கும் பயிற்றுநர் அம்மையார், உறையைக் கிழிக்க இசைவு கேட்டு முதல்வரின் அறைக்கு நடையாய் நடந்து, 'ஆகட்டும், பார்க்கலாம்' என்னும் விடையையே ஒவ்வொரு முறையும் சுமந்து திரும்பி, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

நேற்று அது நடந்தது. மருத்துவமனைக்குப் பயிற்சிக்குச் சென்றிருந்த மாணவி ஒருத்தியின் கண்முன்னே அங்கே சேர்க்கப்பட்டிருந்த பேருந்து ஓட்டுநர் ஒருவரின் நெஞ்சு நின்றது. அவள் அஞ்சி ஓடவில்லை. கற்றபடியே கைவைத்தாள், கற்றபடியே உரக்க எண்ணினாள், கற்றபடியே பட்டும் படாமலும் தொட்டாள். நோயாளர் கூடத்தின் மறுகோடியிலிருந்து, உடன் சென்றிருந்த பயிற்றுநர் பாய்ந்து வந்து அவளை விலக்கி, தம் உடலெடை முழுதும் இறக்கி அழுத்தியபோது எல்லாம் கைமீறிப் போயிருந்தது. ஓட்டுநரின் மனைவி அழுகைக்கு நடுவே ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஏம்மா, அந்தப் பொண்ணு ஏன் அவரை அவ்வளவு மெதுவாத் தொட்டுச்சு?"

இரவெல்லாம் பயிற்றுநருக்கு முதல்வர்மேல் சினம், அவருக்குத் தலையாட்டிய ஆசிரியர்கள்மேல் சினம், எல்லாவற்றிலும் மேலாக, உறையைக் கிழிக்காமல் நாள் கடத்திய தம்மேல் சினம். விடிந்ததும் கல்லூரி வாயிற்காவலரிடம் திறவுகோலைப் பிடுங்காத குறையாக வாங்கி, கூடத்தைத் திறந்து, மாணவியரை நிறுத்திவைத்து, ஒவ்வோர் உறையாகக் கத்தரிக்கோலால் அறுத்தெறிந்தார். செய்தி கேட்டு முதல்வர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"என்ன மேடம் பண்றீங்க? அடுத்த வாரம் குழு வருது. உள்ள ஸ்பிரிங் போச்சுன்னா யார் பதில் சொல்றது?"

"பொம்மை கெட்டா நான் பதில் சொல்றேன் சார். நேத்து அந்தம்மா கேட்டதுக்கு நீங்க போய்ப் பதில் சொல்லிட்டு வாங்க."

நிலைமையைப் புரிந்துகொள்ள வேண்டும், கல்லூரிக்கு மாணவர் இடங்கள் கூடுதலாகக் கிடைக்க வேண்டாமா என்றெல்லாம் முதல்வர் முணுமுணுத்தார். கேட்பார் இல்லை. நேற்றைய மாணவி அழுது வீங்கிய கண்களோடு முதற்கட்டிலில் ஏறிப் பொம்மையருகே முழந்தாளிட்டு, இருகைகளையும் கோத்து, முழங்கை மடங்காமல் அழுத்தினாள். போதாது என்றார் பயிற்றுநர். மீண்டும் அழுத்தினாள். பொம்மையின் மார்பு சட்டென்று உள்வாங்கிற்று. தோளோரத்தில் சிறு பச்சைவிளக்கு ஒன்று எரிந்தது. சரியான ஆழத்துக்கு அடையாளமான அவ்விளக்கு அங்கே உண்டென்பதே அதுவரை ஒரு மாணவிக்கும் தெரியாது.

மாணவி கையை எடுக்காமல் நிமிர்ந்து பார்த்தாள்.

"இவ்வளவுதானா மேடம்? இது என்னால முடிஞ்சிருக்குமே."

பொம்மையின் தோலைப் பொன்போல் காத்த கல்லூரி, ஒரு பெண்ணின் கைவலிமையை அவளுக்கே தெரியாமல் மறைத்து வைத்திருந்தது. அதை ஆராய எந்தக் குழுவும் வரப்போவதில்லை.