எது டிபென்டன்ட்?

1

"அம்மா வெக்டர்தான் டிபென்டன்ட்னு எழுதிட்டேன்டீ. மேம் சுழிச்சிட்டாங்க."

"உங்கம்மா கேட்டா கோச்சிக்கும்."

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் போகும் ஷேர் ஆட்டோவில் இரண்டு கல்லூரிப் பெண்கள் பேசியது இது. அவர்கள் இறங்கிவிட்டார்கள். 'டிபென்டன்ட்' என்ற அந்த வார்த்தை இறங்கவில்லை. மற்றதெல்லாம் என் இட்டுக்கட்டல்.

2

கலைமதி வகுப்புக்குள் நுழைந்தபோது வானம் இருண்டு—

வேண்டாம். வானத்துக்கும் கணக்குக்கும் என்ன?

கலைமதி பொறியியல் கல்லூரியில் நேரியல் இயற்கணிதம் (லீனியர் அல்ஜிப்ரா) நடத்துகிறவள். போன வருஷம்வரை அவள் பலகையில் எழுதினாள். பிள்ளைகள் பார்த்து எழுதினார்கள். பரீட்சையில் அதையே கக்கினார்கள். இந்த வருஷம் சூத்திரத்தை ஒதுக்கிவைத்துவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். துறைத்தலைவர் வனமாமலைக்கு அது அரட்டையாகப் பட்டது.

"வெள்ளிக்கிழமை கடைசி பெஞ்சுல உக்காந்து பாக்கறேன்மா. பசங்களுக்கு ஒண்ணும் ஏறலைன்னா, திங்கள்லேர்ந்து பழையபடி நோட்ஸ் குடுத்துடு."

3

வியாழக்கிழமை, திருத்திய டெஸ்ட் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு கலைமதி கேட்டாள்: "டிபென்டன்ட்னா இன்னா?"

"வேலைக்குப் போவாதவங்க மேம்," என்றான் டில்லிபாபு. வகுப்பு முழுக்கத் தலையாட்டியது.

(இந்தப் பக்கம் பாதி வீடுகளில் யாராவது கம்பெனிக்குப் போகிறார்கள். அவர்களுடைய இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீட்டு அட்டையில் அம்மாவும் பிள்ளைகளும் 'டிபென்டன்ட்', அதாவது சம்பாதிக்கிறவரைச் சார்ந்திருப்பவர்கள். அதனால்தான் தாளிலும் சம்பாதிக்காத வெக்டரை, ஓர் 'அம்மா வெக்டரை'த் தேடியிருக்கிறார்கள்.)

[இந்த இடத்தில் கலைமதியைக் கத்தவைத்துப் பார்த்தேன். அவளுக்கு அது பொருந்தவில்லை. அடித்துவிட்டேன்.]

அவள் பலகையில் (1,0), (0,1), (1,1) என்று மூன்று வெக்டர்களை, மூன்று எண் ஜோடிகளை எழுதினாள்.

"மூணாவது எப்படி வந்துச்சு?"

"மொத ரெண்டையும் கூட்டினா."

இரண்டாவதை அழித்தாள். "இப்போ இருக்கறதுலேர்ந்து அதைக் கொண்டுவாங்க."

வருகைப் பதிவுக்கு மட்டுமே வாய் திறக்கும் ஷாரோன் சொன்னாள்: "மூணாவதுலேர்ந்து ஒண்ணாவதைக் கழிச்சா வந்துடும் மேம்."

"அப்போ எது டிபென்டன்ட்?"

"தனியா எதுவும் இல்ல. மூணும் சேந்து… ஒண்ணை ஒண்ணு."

"இன்னா ஷாரோன், எங்கப்பாவையும் கார்டுல டிபென்டன்ட்டா ஏத்திட்ட?" என்றான் டில்லிபாபு.

"உங்கம்மா ஒரு நாள் சோறு ஆக்கலைன்னா அவரு ஷிஃப்டுக்குப் போவாரா?"

வகுப்பு சிரித்தது. ஷாரோன் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் சிரித்தாள்.

4

வெள்ளிக்கிழமை வனமாமலை கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார். பலகையில் வேறு மூன்று வெக்டர்களை எழுதினார். மூன்றாவது, மற்ற இரண்டின் கூட்டல்.

"நீ சொல்லும்மா. இதுல எது டிபென்டன்ட்?"

விரல் ஷாரோனை நோக்கியிருந்தது.

கலைமதிக்குத் தெரியும்: கேள்வியே தப்பு, மூன்றும் ஒன்றையொன்று சார்ந்தவை. 'மூணாவது' என்றால் அவர் திருப்தியாகத் தலையாட்டுவார். அவளுடைய வகுப்பு பிழைக்கும். ஆனால் ஷாரோனுக்கு ஒன்றும் ஏறவில்லை என்று ஆகும். 'கேள்வி தப்பு சார்' என்றால் ஏறியிருக்கிறது. ஆனால் திங்கட்கிழமையைத் தீர்மானிக்கிறவர் அவர்தான்.

(ஒரு முடிவில் அவரைச் சிரிக்கவைத்து, "சபாஷ்" சொல்லவைத்தேன். அவரை அவ்வளவு நல்லவராக்கியது நான்தான், ஷாரோன் இல்லை. கிழித்துவிட்டேன். இன்னொன்றில் மணி அடித்துவிட்டது. அது கோழைத்தனம்.)

5

ஷாரோன் எழுந்து நிற்கிறாள். தன் முகத்தைப் பார்த்துப் பதிலைக் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று கலைமதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

"சார்…" என்கிறாள் ஷாரோன்.

அடுத்த வரியை அழித்துவிட்டேன். இருக்கறதுலேர்ந்து அதைக் கொண்டுவாங்க.