இகேஜாவில் எல்லாம் ஓடும்

புதன்கிழமை காலையில் என் கம்ப்யூட்டர் எரிந்தது. இரண்டு நாளாக எட்டிப் பார்க்காத கரண்டு, பழி தீர்க்க வந்த மாதிரி ஒரேயடியாக ஏறி வந்து, பவர் சப்ளையைக் கருக்கி மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. வெள்ளிக்கிழமை மாலை அப்பாவுக்குத் துக்கக் கூட்டம், மறுநாள் அடக்கம். அதில் பெரிய திரையில் ஓட வேண்டிய படம் என் பொறுப்பு. படம் வெளி டிஸ்க்கில் இருந்ததால் தப்பித்தது. அதை முடித்து எடுக்கத்தான் இயந்திரம் இல்லை.

சாவு வேலைகளைப் பிரித்தபோது மூத்த தாரத்துச் செதோஞ்சி அண்ணன் விருந்துக்கான மாட்டை ஏற்றுக்கொண்டான். அடுத்த அண்ணன் பந்தலையும் நாற்காலிகளையும் எடுத்துக்கொண்டான். இரண்டாம் தாரத்து மகளான எனக்கு வந்தது இதுதான்: "நீதான் எந்நேரமும் அந்தப் பெட்டி முன்னாடி குந்தியிருக்கியே, படத்தப் பண்ணு." உடனே சரி என்றேன். ஏன் சரி என்றேன் என்று அவர்களுக்குத் தெரியாது.

அச்சடித்த அழைப்பில் மனைவி என்று ஒரே ஒரு பெயர்தான் இருந்தது, அவர்களுடைய அம்மாவின் பெயர். அப்பாவுக்கு அத்தனை வருஷம் சமைத்துப் போட்ட என் அம்மா, வந்த சனத்தோடு சனமாக உட்கார வேண்டியவளாம். ஆனால் என்னிடம் ஒரு சின்ன வீடியோ இருந்தது. பழைய ஃபோனில் எடுத்தது. எங்கள் ஊர் பதாக்ரியின் காயல் கரை, மீன் சுடும் புகை. அம்மாவின் தோளில் கை போட்டுக்கொண்டு அப்பா சிரிக்கிறார். "இவ என் பொண்டாட்டி, நல்லா எடு" என்கிறார். குரல் தெளிவாக இருந்தது. அம்மாவின் முகம்தான் புள்ளி புள்ளியாகக் கலங்கிக் கிடந்தது. அதைத் தெளிவாக்கிப் பெரிதாக்கினால்தான் திரையில் ஆள் தெரியும். முகம் தெரியாவிட்டால் யாரோ ஒருத்தி என்று சொல்லிவிடுவார்கள். அவர்களுக்குச் சொல்லவா தெரியாது!

வியாழக்கிழமை விடிந்ததும் என் கேமராவை விற்ற காசோடு பதாக்ரியிலிருந்து பஸ் ஏறி இகேஜா கம்ப்யூட்டர் சந்தைக்குப் போய் இறங்கினேன். கஸீம் கடையில் ப்ராசசரும் மதர்போர்டும், எதிரே ஒபியோரா கடையில் கிராபிக்ஸ் கார்டு. இரண்டு பேரும் என்னை ஆளுக்கொரு கையாகப் பிடித்து இழுக்காத குறைதான்.

"தங்கச்சி, ப்ராசசர நல்லதாப் போடு. கார்டெல்லாம் கேம் ஆடுற பசங்களுக்கு. இதுலயே உன் படம் வந்துடும்" என்றான் கஸீம்.

"எவ்வளவு நேரத்துல?"

"ராவெல்லாம் ஓட விடு. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வந்துடும். என்ன, கொஞ்சம் முன்ன பின்ன ஆகும்."

ஒபியோரா சுட்ட வாழைக்காயை மென்றுகொண்டே சிரித்தான். "இவன் பேச்சக் கேட்டா உங்கப்பாவோட மொத வருஷ நெனவு நாளுக்குத்தான் படம் வரும் மேடம். என் பன்னெண்டு ஜிபி கார்டப் போடுங்க. ஒரு மணி நேரம். அவ்வளவுதான்."

"எவனோ ராவும் பகலுமா பிட்காயின் தோண்டுன கார்டுடா அது. நாக்குத் தள்ளிப் போயிருக்கும்."

"உன் போர்டு போன வாரம் யாரோட கார்டயோ தின்னுச்சே, அத மேடம்கிட்ட சொன்னியா? அதுல என் கார்டச் சொருக மாட்டேன்பா."

"நீ சொருகுறேன்னாலும் நான் விடணுமே!"

கார்டைச் சோதிக்கப் போர்டு வேண்டும், போர்டைச் சோதிக்கக் கார்டு வேண்டும். தன் சரக்கை அடுத்தவன் சரக்கோடு சேர்க்க இரண்டு பேருக்குமே மனசில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டையும் தூக்கிச் சாக்கடையில் எறிந்திருப்பேன்.

"யாராவது ஒருத்தர் சொருகித் தொலைங்கய்யா! நாளைக்கு எங்கப்பாவுக்குத் துக்கக் கூட்டம்!"

கத்தி முடித்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கஸீம் போர்டை எடுத்து மேசை மேல் வைத்தான். ஒபியோரா கையைச் சட்டையில் துடைத்துவிட்டுக் கார்டைச் சொருகினான்.

அதன்பின் மளமளவென்று முடிந்தது. கார்டுக்குக் காசு போனதால் நடுத்தர ப்ராசசர். முப்பத்திரண்டு ஜிபி ரேம். பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணவில்லை, ஒருமுறை பட்டது போதும். முழு வேகத்தில் ஓடவிட்டுக் காட்டினான் ஒபியோரா. விசிறிகள் சீறின, திரை அசையாமல் நின்றது. கஸீம்கூட "ஓடுது" என்று ஒத்துக்கொண்டான். இகேஜாவில் எது ஓடாது? கடைகளுக்குப் பின்னால் லாரி மாதிரி ஒரு டீசல் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. "உன் வீட்டில் எதில் ஓட்டுவாய்" என்று அவர்களும் கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. இந்த ஊரில் பிறந்து வளர்ந்து, கரண்டை மறந்துவிட்டுக் கம்ப்யூட்டர் வாங்கிய கழுதை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பதாக்ரிக்குத் திரும்பியபோது வீட்டில் கரண்டு இல்லை. சின்ன ஜெனரேட்டரைக் கிளப்பினேன். கம்ப்யூட்டர் சமர்த்தாக எழுந்தது. அம்மாவின் முகத்தைத் தெளிவாக்கும் வேலையைத் தொடங்கியதும் கார்டு மூச்சை இழுத்தது. ஜெனரேட்டர் முனகியது. எல்லாம் அணைந்தது. பல்பை, மின்விசிறியை, ஃபோன் சார்ஜரைக்கூடப் பிடுங்கிப் பார்த்தேன். மறுபடியும் அணைந்தது. கார்டை விட்டுவிட்டுப் ப்ராசசரில் மட்டும் ஓட்டியபோது ஜெனரேட்டர் தாங்கியது. ஆனால் அந்த வேகத்தில் சனிக்கிழமை அடக்கத்துக்குக்கூடப் படம் வராது. கொஞ்ச நேரத்தில் ஜெனரேட்டரே புகைந்து நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை ஊரெல்லாம் அலைந்தேன். சர்ச் ஜெனரேட்டர் ரிப்பேர். ஓட்டலில், பெட்ரோல் கிடைக்கவில்லை, சாயங்காலம்தான் ஜெனரேட்டர் போடுவோம் என்றார்கள். கரண்டு நிற்கவே கூடாத இடம் எது என்று யோசித்தேன். ஆட்டோ பிடித்து, கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு, அப்பாவை வைத்திருந்த பிணவறைக்கே போனேன்.

அங்கே பொறுப்பாளர் ஹுன்சு. காரியத்தைச் சொன்னதும் தன் மேசையையே காலி செய்து கொடுத்தார். வேலையைத் தொடங்கினேன். தலைக்கு மேல் ட்யூப்லைட் மங்கியது.

"நிறுத்தும்மா, நிறுத்து! இந்த ஜெனரேட்டர்ல நாலு குளிர்பெட்டி ஓடுது. உன் பெட்டியையும் சேத்தா எல்லாம் படுத்துடும்."

"ஒண்ண மட்டும் நிறுத்துங்கண்ணே. ஒரு மணி நேரம் போதும்."

"யாரோடத நிறுத்தச் சொல்ற? மத்தவங்க வீட்டு ஆளுங்க வந்து கேட்டா நான் என்ன சொல்லுவேன்?" கொஞ்சம் தயங்கினார். "உங்கப்பா கடைசிப் பெட்டியில தனியா இருக்காரு. அத வேணா நிறுத்தலாம். மருந்து ஏத்துன ஒடம்பு, தாங்கும். ஆனா உங்கண்ணன் பேர்லதான் உள்ள வச்சிருக்கு. அவரு வாயால சொல்லணும்."

செதோஞ்சி அண்ணனுக்கு ஃபோன் போட்டேன். பின்னால் பந்தல் கம்பிகளை அடிக்கும் சத்தம்.

"என்ன செனாமி, படம் ரெடியா?"

சொன்னேன். அவன் குரல் ஏறியது.

"அப்பாவோட பெட்டிய நிறுத்தணுமா? புத்தி கெட்டுப் போச்சா ஒனக்கு? இருக்கறத அப்படியே போட்டு ஓட்டு. கலங்கலா இருந்தா என்ன, யாரு பாக்கப்போறா?"

"கலங்கலா இருந்தா எங்கம்மா தெரியமாட்டாங்கண்ணே."

"உங்கம்மா எங்க வந்தாங்க இதுல?"

பொய் சொல்ல ஒரு கணம் நாக்கு வரை வந்தது. சொல்லியிருக்கலாம். ஆனால் அப்பா பக்கத்து அறையில் கிடந்தார்.

"அப்பா அவங்கள என் பொண்டாட்டின்னு சொல்ற வீடியோ இருக்கு. அழைப்புல நீங்க அவங்க பேரப் போடல. நான் திரையில போடப்போறேன்."

கம்பி அடிப்பதை நிறுத்தச் சொல்லி யாரையோ அதட்டினான்.

"அப்பாவோட குளிர எடுத்து உங்கம்மாவுக்குக் குடுக்கச் சொல்ற" என்றான்.

"ஆமா. அவரு இருந்திருந்தா குடுத்திருப்பாரு."

"ஃபோன ஹுன்சுகிட்ட குடு."

கொடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரின் ஒயரைக் கையில் பிடித்தபடி நின்றேன். இனி கெஞ்சுவதற்கு ஆள் இல்லை. ஹுன்சு 'ம்', 'ம்' என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஃபோனை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனார். ஓர் இரைச்சல் நின்றது. ட்யூப்லைட் பளிச்சென்றது. ஒயரைச் சொருகினேன். திரையில் வேலை நகரத் தொடங்கியது.

திரும்பி வந்தவர் வாசலிலேயே நின்றார்.

"ஒரு மணி நேரத்துக்கு மேல ஒரு நிமிஷம் ஆகக்கூடாதுன்னாரு. அப்புறம் உங்கம்மா ரவிக்கை அளவு கேட்டாரு. கூட்டத்துல அவரோட அம்மா உடுத்துற அதே விதவைத் துணியில உங்கம்மாவுக்கும் ஒண்ணு தைக்கணுமாம். தையக்காரி மெஷின்ல உக்காந்திருக்காளாம்."

எனக்கு அளவு தெரியவில்லை. அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். அவள் "என்னடி, என்ன ஆச்சு, ஏன் அழுவுற?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "உன் ரவிக்கை அளவு என்னம்மா?" என்றேன்.