பிடித்த கப்பலில் பங்கு

மணியார்டர் அறுபது ரூபாய் என்று தபால்காரர் வெங்கடாசலம் சொன்னதும் ராமாத்தாள் வாசற்படியிலிருந்து பின்னால் நகர்ந்தாள். போர்க்கப்பலில் கரி அள்ளும் மகன் தங்கமுத்து மாதம் பத்து ரூபாய்தான் அனுப்புவான். மூன்று மாதமாக அவனிடமிருந்து கடுதாசியும் இல்லை. இப்போது கப்பற்படை ஆபீசிலிருந்து அறுபது! சர்க்கார் என்ன தாய்மாமனா, சும்மா சீர் செய்ய? போன ஐப்பசியில் அடுத்த தெரு ஆத்தாயிக்கும் இப்படித்தான் வந்தது, பர்மாவில் செத்த மகனுக்காக.

கைநாட்டு வைக்க மாட்டேன் என்று விரல்களை மடக்கிக்கொண்டாள். வாங்கினால் மகன் செத்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பயந்தாள்.

இது பரிசுப் பணம் என்றார் அவர். கரி அள்ளுகிறவனுக்கு என்ன பரிசு, வண்டிப் பந்தயமா ஓட்டினான்? மறுநாள் அவர் சேந்தமங்கலம் போஸ்ட்மாஸ்டரிடம் விசாரித்து வந்து விளக்கினார். எதிரியின் சரக்குக் கப்பலைப் பிடித்தால், சரக்கை ஏலம் விட்டு, பிடித்தவர்களுக்குப் பங்கு தருவார்களாம். அந்தக் காலத்து ராஜாக்கள் ஏற்படுத்திய வழக்கமாம். அட, கொள்ளைக்கும் கூறு போடுவார்களா!

"செத்தவன் பங்கு?" என்று கேட்டாள்.

வெங்கடாசலம் தலையைக் குனிந்துகொண்டார். "அதுவும் ஊட்டுக்குத்தானுங்கக்கா வரும்."

மணியார்டரை ஏழு நாள்தான் வைத்திருப்பார்கள். ஆறு நாளும் அவள் கைநாட்டு வைக்கவில்லை. ஏழாம் நாள் தங்கமுத்துவின் கடுதாசி வந்தது. நல்லபடியாக இருக்கிறானாம், பரிசுப் பணத்தை அம்மாவுக்கு அனுப்பச் சொன்னதே அவன்தானாம். ராமாத்தாள் ஓவென்று அழுதுகொண்டே கைநாட்டு வைத்தாள்.

வெங்கடாசலம் மீதியையும் படித்தார். அந்தக் கப்பலைக் கூட நின்று பிடித்த திருச்செங்கோட்டு மணியன், போன வாரம் குண்டடிபட்டுப் போய்விட்டான். அவன் அம்மா ஒண்டிக்கட்டை. சாவுச் செய்தி சொல்லும் சர்க்கார் காகிதம் போய்ச் சேருமுன் நீ போய்ப் பக்கத்தில் இருந்து சொல்லம்மா என்று எழுதியிருந்தான்.

மறுநாளே ராமாத்தாள் பஸ் ஏறினாள். வழியெல்லாம், காகிதம் தனக்கு முன்னால் போயிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். பாவிமனசு, வேறெப்படி வேண்டும்?

காகிதம் போகவில்லை. தங்கமுத்துவின் தாய் என்றதும் மணியனின் அம்மா முத்தாயம்மாள் வாயெல்லாம் பல்லாக உள்ளே அழைத்து, பருப்பும் வெல்லமும் வைத்த ஒப்புட்டைச் சூடாக வைத்தாள். தெருவுக்கே செய்து கொடுத்தாளாம்.

"எம்பையனுக்குப் பரிசு வந்திருக்குதுங்க. உங்க பையனுக்கும் வந்துச்சுங்களா?"

"வந்துச்சுங்க" என்றாள் ராமாத்தாள். ஒப்புட்டைத் தள்ளி வைத்துவிட்டு, முத்தாயம்மாளின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.