தாழ்ந்து வந்த பந்து

பேஸ்பாலின் கடைசி, ஒன்பதாவது சுற்று. ஆட்டம் சமநிலையில் நின்றது. எதிரணிக்காரன் ஒருவன் மூன்றாம் தளத்தில் ஓடத் தயாராக நிற்க, மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தியிருந்த கேட்ச்சர் ராமிரோ பெகேரோ தொடைகளுக்கு நடுவே இரண்டு விரல்களை நீட்டினார். தாழ்ந்து விழும் பந்தைக் கேட்கும் சைகை அது. பந்தை எறியும் பிட்ச்சர் வில்கின் தலையசைத்து மறுத்தான். மறுபடி நீட்டினார். மறுபடியும் மறுத்தான்.

பெகேரோ முகக்கவசத்தைத் தூக்கிவிட்டுக்கொண்டு வில்கின் நின்ற மேட்டுக்கு நடந்தார். எதிரணியான சந்தியாகோவின் ரசிகர்கள் அடித்த மேளச் சத்தத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை வெயிலே அதிர்ந்தது.

"அடிக்கிறவனுக்குக் கீழ போற பந்து ஆகவே ஆகாது. தெரியும்ல?"

"தெரியும் கேப்டன்."

"அப்புறம் என்ன?"

வில்கின் கையுறையால் வாயை மறைத்துக்கொண்டான். வழக்கமாக எதிரணிக்குத் தெரியாமலிருக்க மறைப்பார்கள். இப்போது பெகேரோவுக்குத் தெரியாமலிருக்க மறைப்பவன் போல இருந்தான்.

"மூணாவதுல ஆள் நின்னா அதப் போடுறதில்லன்னு பேசி வச்சிருக்கோம்."

"யாரு?"

"பிட்ச்சருங்க எல்லாரும். உங்க முட்டி கெட்டுப்போனதுலேர்ந்து."

பெகேரோவின் காது மடல்கள் சுட்டன. சீசன் தொடங்கியபோது உடை மாற்றும் அறையில் நின்றுகொண்டு, வலியை ஒளிக்கிறவன் அணிக்குத் துரோகம் பண்ணுகிறான் என்று எல்லோருக்கும் சொன்னவர் அவர். அன்றைக்குத் தலையாட்டியவர்கள்தான் இத்தனை நாளும் தங்கள் நல்ல பந்துகளை அவருக்காக விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். அதில் எத்தனை தோல்வியோ.

"போடு. நான் பிடிக்கிறேன்," என்றார்.

பந்து அவர் கேட்டபடியே வந்தது. மட்டைக்காரன் ஏமாந்து காற்றை அடித்தான். மண்ணைத் தொட்டும் தொடாமலும் வந்த அந்தப் பந்துக்கு வலது முழங்காலை மடித்து விழுந்திருக்க வேண்டும். மனம் விழுந்துவிட்டது, கால் விழவில்லை. கையுறைக்கு அடியில் பந்து ஓடிப் பின்சுவரில் மோதிய சத்தம் அவருக்கு மட்டும் தனியாகக் கேட்டது. மூன்றாம் தளத்தில் நின்றவன் ஓடிவந்து வெற்றி ஓட்டத்தை எடுத்துவிட்டான். ஆட்டம் முடிந்தது.

உடை மாற்றும் அறையில் வானொலிக்காரர் முதலில் வில்கினிடம்தான் போனார். "கை நழுவிடுச்சு. அந்தப் பந்த யாராலயும் பிடிக்க முடியாது," என்றான் வில்கின். கால் காப்புகளைக் கழற்றிக்கொண்டிருந்த பெகேரோவின் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. திரும்பாமலிருக்க எல்லோரும் பாடுபடுவது தெரிந்தது. வானொலிக்காரர் மைக்கை அவரிடம் நீட்டினார்.

"சின்னப் பையன்தானே," என்று தன் குரலே சொல்வதைப் பெகேரோ கேட்டார். "போகப்போகக் கத்துக்குவான்."

அந்தச் சொற்கள் பஸ்ஸிலும் கூடவே வந்தன. பின்னிருக்கையில் வில்கினின் போன் அடித்தது. சொந்த ஊரான பானியிலிருந்து அவன் அம்மா. ஊரில் எல்லா வீட்டிலும் வானொலி ஓடியிருக்கும். அவள் குரல் போனைத் தாண்டி வந்தது.

"அந்த மனுஷன்கிட்ட மன்னிப்பு கேட்டியாடா?"

"கேட்டுட்டேம்மா."

"எப்படிக் கேட்ட? ஒழுங்காக் கேட்டியா?"

பெகேரோ எழாமலே கையைப் பின்னால் நீட்டினார். "போனக் குடு."

"வேணாம் கேப்டன்."

"குடுடா."

வாங்கினார். பஸ்ஸில் டோமினோ ஆடிக்கொண்டிருந்தவர்கள் கட்டைகளைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார்கள்.

"அம்மா, நான் ராமிரோ பெகேரோ பேசுறேன். உங்க பையன் பந்த சரியாத்தான் போட்டான். எனக்குத்தான் குனிய முடியல. ரேடியோல நான் சொன்னது பொய்."



"உங்களுக்குப் பெரிய மனசு, ஐயா," என்றாள் அவள். "அவன் பழிய நீங்க ஏத்துக்குறீங்க. எங்க தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லுவேன்."

"இல்லம்மா, நெசமாத்தான்…"

"கடவுள் உங்கள நல்லா வைக்கணும்."

அவள் போனை வைத்துவிட்டாள். அதைத் திருப்பிக் கொடுத்தபோது வில்கினின் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை.

வழியில் பொனாவோ ஊரில் பஸ் நின்றது. சாலையோரக் கடையில் பன்றித்தோல் வறுவல் வெடித்துக்கொண்டிருந்தது. எல்லோரும் இறங்கினார்கள். பெகேரோ கம்பியைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸின் கடைசிப் படிவரை வந்து நின்றார். கீழே, எண்ணெய்ப் புகைக்குள் பிட்ச்சர்கள் வட்டமாக நின்று ஒரே காகிதத்திலிருந்து எடுத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். வில்கின் மட்டும் ஓர் ஓரமாக நகர்ந்து, ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு, அவர் பக்கம் பார்க்காமலே மென்றுகொண்டிருந்தான்.