கடைசிப் பங்கு

வாரம் முழுக்க, பெட்டியைத் தொலைத்தவர்களிடம் திட்டு வாங்குகிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம், பெட்டி கிடைத்தவர்களிடம் திட்டு வாங்குகிறேன். முதலாவதற்குச் சம்பளம் தருகிறார்கள். இரண்டாவதை நானாகத் தலையில் ஏற்றிக்கொண்டேன்.

முதலாவது, விமான நிலையத்தில் வந்து சேராத பெட்டிகளுக்கான கவுன்டர். இரண்டாவது, ஓர் ஆன்லைன் விளையாட்டில் கில்டு, அதாவது சேர்ந்து விளையாடும் கூட்டம். அதற்கு நான் தலைவி. ஆளுக்கொரு வீட்டில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திரையில் எல்லோரும் ஒரே குகைக்குள் இறங்குவோம். உள்ளே இருக்கும் பூதத்தை அடித்துச் சாய்த்தால் ஒரு பெட்டி வரும். அதற்குள் வாள், கவசம், மோதிரம் என்று ஏதாவது இருக்கும். பூதத்தை அடிப்பது பெரிய விஷயமில்லை. பெட்டியைப் பிரிக்கிற இடத்தில்தான் கூட்டங்கள் சிதறும். அண்ணன் தம்பி சொத்துச் சண்டையெல்லாம் அதனிடம் பிச்சை வாங்க வேண்டும்.

நான் முன்பு இருந்த கில்டின் தலைவர், தேன் எடுத்தவன் புறங்கையை நக்கத்தான் செய்வான் என்று சொல்லிச் சொல்லியே முழங்கை வரைக்கும் நக்கியவர். அந்தக் கடுப்பில் தனியாக ஆரம்பித்தேன். இரண்டே சட்டம் வைத்தேன். பெட்டி திறக்கும்போது ஆள் இருந்தால்தான் பங்கு. பாதியில் ஓடிவிட்டு அப்புறம் வந்து கை நீட்டக் கூடாது. பெட்டியைத் திறந்து பிரிக்கிறவருக்குக் கடைசிப் பங்கு. மற்ற எல்லோரும் எடுத்தது போக மிஞ்சியதுதான் அவருக்கு. எப்போதும் திறப்பது நான் என்பதால், என் கவசத்தைப் பழைய இரும்புக் கடையில்கூட எடுக்க மாட்டார்கள். பரவாயில்லை. திட்டுவார்கள்தான், ஆனால் நான் எனக்கென்று சுருட்டினேன் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

அன்று நாங்கள் சாய்த்தது கல் ஆமையை. மாதக்கணக்கில் எங்களை மிதித்தே கொன்ற ஜந்து. அதன் பெட்டி பச்சையாக ஒளிர்ந்தால் உள்ளே ஓட்டுக் கேடயம் இருக்கிறது என்று அர்த்தம். அது எப்போதாவதுதான் வரும். ஒருவருக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். அவரே நினைத்தாலும் இன்னொருவருக்குக் கைமாற்ற முடியாது.

கேடயம் பிடிக்கிறவர்கள் எங்களில் இரண்டே பேர். ஒருவர் லிஃப்ட் ரிப்பேர் செய்பவர், எல்லோருக்கும் லிஃப்ட் அண்ணன். ஞாயிறு டியூட்டியில் ஏதாவதொரு கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, போனிலிருந்து நெட் எடுத்து விளையாடுவார். இன்னொருவன் என் கொழுந்தன். எங்களோடுதான் இருக்கிறான். வேலை பார்த்த கம்பெனியை மூடிய நாளிலிருந்து, சாப்பிடும்போது யார் முகத்தையும் பார்ப்பதில்லை. மறுநாள் அவனுக்கு ஒரு தேர்வு இருந்தது. சம்பளம் கொடுத்து ஆட்களை விளையாட வைக்கும் ஒரு பெரிய அணி கேடயக்காரன் தேடியது. ஓட்டுக் கேடயம் இல்லாதவர்கள் வரவே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டது.

ஆமையின் கடைசி மிதியை லிஃப்ட் அண்ணன்தான் முன்னால் போய்த் தாங்கினார். அவர் விழுந்த இடைவெளியில் நாங்கள் அதை முடித்தோம். எல்லோரும் கத்தினோம். கத்தி ஓய்ந்து பார்த்தால், தரையில் கிடந்த அவருடைய உருவம் மங்கி மறைந்துகொண்டிருந்தது. லைனில் ஆள் இல்லை.

பெட்டி வந்தது. பச்சை.

"திறங்க அண்ணி," என்றான் கொழுந்தன். அவன் அறை எனக்கு அடுத்த அறை. அவன் பேசுவது முதலில் சுவர் வழியாக வரும், பிறகு ஹெட்போனில் வரும். அவன் அவசரம் எனக்கு மட்டும் இரண்டு மடங்கு.

"லிஃப்ட் அண்ணன் லைன் போயிடுச்சு. வரட்டும்," என்றேன்.

"வரலன்னா?"

"வருவார்."

பெட்டியைச் சுற்றி ஒரு வெளிச்ச வளையம் உண்டு. அது சுருங்கிக்கொண்டே வந்து பெட்டியைத் தொட்டால், திறக்காத பெட்டி அப்படியே மறைந்துவிடும். யாருக்கும் ஒன்றும் கிடையாது. வளையம் சுருங்க ஆரம்பித்திருந்தது.

"தலைவி, திறக்கும்போது இருக்கிறவங்களுக்குத்தான் பங்கு. இது நீங்க போட்ட சட்டம்," என்றார் பல் டாக்டர். எங்கள் கூட்டத்தில் சட்டம் என்றால் அவர்தான். பல்லைப் பிடுங்குகிற மாதிரியே பேச்சிலும் பிடித்த பிடியை விட மாட்டார்.

"ஆமா டாக்டர். ஆனா நான் இன்னும் திறக்கலையே."

"இது சட்டத்தை வளைக்கிறது அண்ணி!" சுவர் அதிர்ந்தது.

"எப்போ திறக்கணும்னு சட்டத்துல எங்கடா இருக்கு? மனுஷன் நமக்காக விழுந்து கிடந்தார். கொஞ்சம் பொறு."

"பெட்டி போயிட்டா எல்லாருக்கும்தான் போகும்," என்றார் டாக்டர். இன்னும் நாலைந்து பேர் அதையே முணுமுணுத்தார்கள். நேற்று வரை அக்கா அக்கா என்று உருகியவர்கள்.

உண்மையைச் சொன்னால், என் மனமும் கொழுந்தன் பக்கம்தான் சாய்ந்தது. அந்தக் கேடயம் அவன் கைக்குப் போனால் எங்கள் வீட்டில் மறுபடியும் சிரிப்புச் சத்தம் கேட்கும். ஒரு க்ளிக். சட்டப்படியும் சரி. அப்படிச் சுலபமாக இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. லிஃப்ட் அண்ணன் வந்து, "பிரிச்சாச்சா அக்கா?" என்று சாதாரணமாகக் கேட்பார். அதற்கு என்ன பதில் சொல்வேன்? கடைசி மிதியைத் தாங்கியவர் என்பதால், அவர் இருந்தால் கேடயம் அவருக்குத்தான் என்று அத்தனை பேருக்கும் தெரியும். கொழுந்தனுக்கும் தெரியும். அதனால்தான் அவன் துடித்தான்.

"அண்ணி, நாளைக்கு என் தேர்வு. உங்களுக்குத் தெரியும்ல?" இந்த முறை மெதுவாகக் கேட்டான்.

"தெரியும்டா."

"தெரிஞ்சும் வெளியாளுக்காக நிக்கிறீங்க."

அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவன் மைக்கை அணைத்துவிட்டான். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. கோபித்துக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். மறுபடியும் கதவு, மறுபடியும் நாற்காலி. சிறிது நேரத்தில் என் திரை உறைந்தது. ஹெட்போனில் அத்தனை குரலும் ஒரே நேரத்தில் அறுந்தன.

சுவரில் மட்டும் ஒரு குரல் நிற்கவில்லை. "அண்ணி லைன் கட்டாயிடுச்சு போல. நான் பார்த்துக்கிறேன்," என்று அவன் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான்.

அவன் துணைத் தலைவன். நான் விழுந்தால் தலைமை தானாக அவன் கைக்குப் போகும்.

ஹாலுக்கு ஓடினேன். என் வீட்டுக்காரர் ரிமோட்டைத் தட்டிக்கொண்டிருந்தார். "மேட்ச் நின்னுடுச்சு. தம்பி இப்பத்தான் அந்த மூலையில குனிஞ்சு எதையோ புடுங்கினான். போன் சார்ஜ் போடறான்னு நினைச்சேன்," என்றார்.

மூலையில் ரவுட்டரின் விளக்குகள் செத்துக் கிடந்தன. வயர் தரையில் கிடந்தது. அவன் தன் கணினியை முதலிலேயே போன் நெட்டுக்கு மாற்றிவிட்டுத்தான் வந்து இதைப் பிடுங்கியிருக்கிறான். ஆத்திரத்தில் செய்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். யோசித்துச் செய்திருக்கிறான்.

"அதை மாட்டி விடுங்க," என்றேன்.

"மாட்டறேன். ஆனா அது உயிர் பெற நேரமாகும். ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு சும்மாவா சொன்னாங்க?"

அவருக்கு அந்த நேரத்திலும் கிண்டல். நான் கொழுந்தன் அறைக் கதவைத் தள்ளினேன்.

அவன் திரும்பவில்லை. அவசரத்தில் சத்தத்தை ஸ்பீக்கரில் போட்டிருந்தான். திரையில் பச்சைப் பெட்டி, அதைச் சுற்றி மெலிந்துபோன வளையம், பெட்டிமேல் அவனுடைய அம்புக்குறி. மேஜைமேல் போன் சூடாகிக் கிடந்தது. கை நீட்டி அதைப் பிடுங்கியிருந்தால் அவனும் லைனிலிருந்து விழுந்திருப்பான். என் கை எழுந்தது. பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். அவன் செய்ததையே நானும் செய்தால், அப்புறம் எந்த முகத்தோடு சட்டம் பேசுவது?

"சரி, நான் திறக்கிறேன்," என்றான் மைக்கில். "லிஃப்ட் அண்ணன் இல்ல. கேடயத்துக்கு நான் ஒருத்தன்தான். யாருக்கும் ஆட்சேபம் இல்லையே?"

ஸ்பீக்கரில் ஒருவர் தொண்டையைச் செருமினார். பல் டாக்டர்.

"தம்பி, தாராளமா திற. ஆனா திறக்கிறவனுக்குக் கடைசிப் பங்கு."

அவன் விரல் மவுஸின்மேல் நின்றுவிட்டது.

"எனக்குக் கேடயம் பிடிக்கத் தெரியாது," என்று டாக்டர் நிதானமாகத் தொடர்ந்தார். "உடைச்சுப் பொடியாக்கினா மந்திர மருந்துக்கு ஆகும். எனக்கு வேணும். இன்னும் பத்துப் பேருக்கு வேணும். எல்லாரும் வேண்டாம்னு சொன்னாத்தான் உனக்கு. அக்கா இத்தனை நாளா அப்படித்தான் எடுத்தாங்க."

அவன் கழுத்துக்குப் பின்புறம் சிவந்து ஏறியதை நான் பார்த்தேன். எங்கள் கில்டில் பிறந்து வளர்ந்த பிள்ளை மாதிரி அவன். சட்டத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பான். ஆனால் திறக்கிற கை எப்போதும் என்னுடையதாக இருந்ததால், கடைசிப் பங்கு என்பது அண்ணியின் குணம் என்று நினைத்துவிட்டான். தலைமையைப் பிடுங்கியபோது அதுவும் சேர்ந்து வரும் என்று அவனுக்கு உறைக்கவே இல்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு.

மைக்கை அணைத்துவிட்டு மெல்லத் திரும்பினான். நான் அங்கே நிற்பது அவனுக்கு அதற்கு முன்பே தெரிந்திருந்தது.

"என்ன செய்யட்டும் அண்ணி?"

"என்னை ஏன்டா கேட்கிற? நான் குழுவிலேயே இல்ல. நீதானே தலைவன்."

"நான் க்ளிக் பண்ணி எனக்கே போட்டுக்கலாம். யாராலயும் தடுக்க முடியாது."

"முடியாதுதான்."

அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கு அவனை அறையவும் தோன்றியது, தலையைத் தடவிக்கொடுக்கவும் தோன்றியது. வளையம் பெட்டியின் விளிம்புக்கு ஒரு விரல் தூரத்தில் இருந்தது. ஸ்பீக்கரில் எல்லோரும் ஒரே நேரத்தில் "திற, திற" என்றார்கள்.

அப்போது அந்தக் குரல்களுக்கு நடுவில் ஒரு மூச்சிரைப்பு கேட்டது.

"வந்துட்டேன், வந்துட்டேன்! ஒரு அம்மாவும் கைக்குழந்தையும் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாங்க. போனை எடுத்துக்கிட்டு ஓடினதுல நெட் போயிடுச்சு. பெட்டி இருக்கா?"

லிஃப்ட் அண்ணன்.

கொழுந்தன் திரைப் பக்கம் திரும்பினான். பெட்டியைத் திறந்தான். உள்ளே கேடயம் கல்லும் பாசியுமாக மின்னியது. அதை ஒரு கணம் பார்த்தான். பிறகு லிஃப்ட் அண்ணன் பெயரின்மேல் கொண்டுபோய் வைத்து அழுத்தினான். முடிந்தது.

ஸ்பீக்கர் கிழிகிற மாதிரி ஆரவாரம் எழுந்தது. "தம்பி, பெரிய மனசுய்யா!" "அக்கா வளர்ப்பு சும்மாவா!" டாக்டர்கூட, "சபாஷ்," என்றார். அந்தச் சத்தம் அடங்கும் வரை லிஃப்ட் அண்ணன் மட்டும் பேசவில்லை.

"ஏன் தம்பி எனக்குக் கொடுத்தே?" என்றார் கடைசியில். "நாளைக்கு உனக்குத் தேர்வுன்னு அன்னிக்கு நீதானே சொன்னே? எனக்கு வேண்டாம், தம்பிக்குக் கொடுங்கன்னு அக்காகிட்ட சொல்லத்தான் அத்தனை மாடியும் படியேறி ஓடி வந்தேன். அதுக்குள்ள எனக்குப் போட்டுட்டியே. இப்போ நான் திருப்பித் தரவும் முடியாதே."

அவன் பொறுத்திருந்தால், என்னைத் திறக்க விட்டிருந்தால், கேடயம் அவன் கையில் இருந்திருக்கும். அவன் அதைக் கணக்குப் போட்டு முடிப்பதை நான் நின்று பார்த்தேன். அந்த முகத்தை மறக்க முடியாது.

"இவ்வளவு நல்லவனா இருக்காதேப்பா," என்று லிஃப்ட் அண்ணன் அங்கலாய்த்தார். "பாவம், அக்காவும் லைன்ல இல்ல. இருந்திருந்தா எவ்வளவு பெருமைப்பட்டிருப்பாங்க."

அதற்குமேல் அவனால் தாங்க முடியவில்லை.

"அண்ணி லைன் கட்டாகல," என்றான். "நான்தான் ரவுட்டரைப் புடுங்கினேன். நீங்க வர்றதுக்குள்ள திறந்து எனக்கே எடுத்துக்கலாம்னு. திறக்கிறவனுக்குக் கடைசிப் பங்குங்கிற சட்டம் மறந்து போச்சு, டாக்டர்தான் ஞாபகப்படுத்தினார். அதனாலதான் உங்களுக்குப் போட்டேன். வேற ஒண்ணுமில்ல."

நாங்கள் ஆமையிடம் தோற்ற நாட்களில்கூட இப்படி ஒரு அமைதி இருந்ததில்லை. ஒருவர் விலகிப்போன சத்தம் கேட்டது. இன்னொருவரும் போனார்.

"சரி," என்றார் டாக்டர் ஒருவழியாக. "மீதியைப் பிரி. திறந்தவன்தான் பிரிக்கணும்."

பிரித்தான். வாள் ஒருவருக்கு, மோதிரம் ஒருவருக்கு, மருந்துக் குப்பிகள் ஆளுக்கொன்று. யாரும் நன்றி சொல்லவில்லை. ஆனால் அவன் ஒருவரையும் விட்டுவிடவில்லை. ஹாலில் ரவுட்டர் உயிர் பெற்றதும், "மேட்ச் வந்துடுச்சு!" என்று என் வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். நான் என் நாற்காலிக்குப் போகவில்லை. திறந்தபோது நான் இல்லை. எனக்குப் பங்கும் இல்லை.

எல்லோரும் எடுத்த பிறகு பெட்டியில் மிஞ்சியது ஒரு ஜோடி கிழிந்த கையுறை. என்னிடம் அதே மாதிரி ஒரு குவியலே இருக்கிறது.

"அண்ணி," என்றான், திரையைப் பார்த்தபடியே. "ஒவ்வொரு வாரமும் இதைத்தான் எடுத்தீங்களா?"

"ஆமா."

"நாளைக்கு நான் போகல."

"தெரியும்."

எனக்கு அவன்மேல் இருந்த கோபம் தீரவில்லை. அது தீர இன்னும் நாளாகும். ஆனாலும் அவன் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவன் அந்தக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டான்.