பேஸ்மென்டில் ஊறிய பால்

கனடாவின் யூனியன்வில்லில் ஜனார்த்தனின் பேஸ்மென்டில் ஒட்டகப்பால் ஊறத் தொடங்கிய வாரம், பெற்றோல் லீற்றருக்கு நாலு சதம் ஏறியிருந்தது. இரண்டையும் பற்றிக் கோயிலில் ஒரே குரலில்தான் பேசிக்கொண்டார்கள். பிளம்பர் வந்து பார்த்துவிட்டு, குழாயில் பிழையில்லை, பால் சீமெந்துக்குள் இருந்துதான் வருகிறது என்று சொல்லிப் போனார். பால் இளஞ்சூடாக இருந்தது, புகை மணத்தது.

அதற்கு முந்திய மாதம்தான் ஜனார்த்தன் எத்தியோப்பியாவை ஒட்டிய சோமாலிய எல்லைப் பகுதிக்கு, பழைய கல் மசூதிகளையும் இடிந்த மதில் நகரங்களையும் பார்க்கும் சுற்றுலாவில் போய்வந்திருந்தார். மழை பொய்த்துப்போன ஓர் ஊரில், எஞ்சியிருந்த ஒரே ஒட்டகத்தைக் கறந்து, புகையூட்டிய மரக்கிண்ணத்தில் ஒரு பெண் அவருக்குப் பால் கொடுத்தாள். விருந்தாளி ஒரு மிடறு குடித்த பிறகு மிச்சம் பிள்ளைகளுக்கு என்று வழிகாட்டி சொல்லியிருந்தார். ஜனார்த்தன் வெறுங்கிண்ணத்தைத் தூக்கிக் காட்டி, வயிற்றைத் தடவிச் சிரித்த வீடியோவை ஸ்காபரோ மண்டபத்தில் போட்டபோது எல்லாரும் கைதட்டினார்கள்.

புதுவீட்டில் பால் பொங்கினாலே நல்லது என்று நம்புகிற சனம், இங்கே தானாகவே பொங்குகிறது என்று கேள்விப்பட்டு, விட்பியிலிருந்தும் பிக்கரிங்கிலிருந்தும் செம்போடு வந்தது.

"தம்பி குடுத்து வைச்சனீர். எங்கட வீட்டில லீக் எண்டாத் தண்ணிதான் வருது," என்றார் பக்கத்து வீட்டு பேபி அன்ரி, படியில் குங்குமம் வைத்தபடி.

ஜனார்த்தன் தலையாட்டினார். அவர் தலையாட்டும்போதெல்லாம் பால் ஒரு படி ஏறியது. காது சுட, செம்புகளை நிரப்பிக் கொடுத்தார்.

பால் சமையலறைக் கதவை எட்டியபோது, மனைவி நிலாணி அந்த வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தார்.

"இஞ்சருங்கோ, உந்தப் பிள்ளையள் மூண்டும் ஏன் கமராவைப் பாக்கேல்லை?"

"வெக்கமாக்கும்."

"உங்கட காலுக்குப் பின்னால எல்லே பாக்குதுகள். உதில மண் நனைஞ்சு கிடக்கு."

அவர் நிலத்தைப் பார்த்தார். "வயிறு குழம்பினா பிளைற் ஏறேலாதெண்டு பயந்து, பின்னால ஊத்திப்போட்டன்."

"ஓம். வயித்தைத் தடவிச் சிரிக்க மட்டும் பயமில்லை."

அன்று ஜனார்த்தன் சமையலறை வாசலில் குந்தியிருந்து, கிண்ணத்தில் மொண்டு ஒரு மிடறு குடித்தார். பால் இறங்கி, கடைசிப் படியோடு நின்றது. கீழே சுவரோரம் அந்த மூன்று பிள்ளைகளும் நின்று கிண்ணத்தையே பார்த்தார்கள். முகம் நிமிராமல் மிச்சத்தை நீட்டினார், வாங்கிக் குடித்தார்கள்.

இப்போதும் தினமும் வருகிறார்கள். அவர் குடிக்காமல் அவர்கள் குடிப்பதில்லை என்பதால், ஜனார்த்தன் அதற்குப் பிறகு எந்தப் பயணமும் போகவில்லை. குளிர்காலம் தொடங்கியதும் நிலாணி சிறிய ஜக்கெற் மூன்று வாங்கிப் படியோரம் கொழுவி வைத்தார்.