இரண்டாவது குடில்

அன்று காலை அண்ணி என்னிடம் கேட்டது ஒரு பழைய பல் பிரஷ். மண்வெட்டியின் தகட்டுக்கும் காம்புக்கும் நடுவே இறுகிய மண்ணைச் சுரண்ட. இரண்டாவது குடிலின் வாசலில் நீல டிரம்மை ஒட்டி உட்கார்ந்து தேய்த்து முடித்தாள். பிறகு விரல் இடுக்குவரை கால்களைக் கழுவினாள்.

"ஏ வெற்றிச்செல்வி, கோயிலுக்கா போற? தக்காளி பறிக்கத்தானடி போற," என்றாள் காத்தாயி அக்கா.

"புழுவுக்குக் காலு இல்லக்கா. நம்ம காலுலதான் ஏறி வருது. நீயும் கழுவு."

"கழுவுறேன் தாயே. நீ வுட மாட்ட."

குன்னத்துக்கு மேற்கே உள்ள அந்தப் பண்ணையில், வளைத்த கம்பிகள்மேல் பிளாஸ்டிக் போர்த்திய குடில்கள் இரண்டு. வேலைக்கு நாங்கள் ஆறு பெண்கள். சில வாரம் முன்பு முதல் குடிலில் வெயில் ஏறியதும் செடிகள் துவண்டன. முதலாளி இளவரசன் தண்ணீரைக் கூட்டினார். அண்ணிதான் ஒரு செடியைப் பிடுங்கினாள். வேர் முழுக்கக் கடுகளவிலும் மொச்சையளவிலுமாக முடிச்சுகள்.

அரைநாள் கூலியை விட்டுவிட்டு, அந்த வேரை ஈரச்சாக்கில் சுற்றி, வேளாண்மை ஆபீசுக்கு பஸ்ஸில் கொண்டுபோனாள். நூற்புழு, கண்ணுக்குத் தெரியாது, மண்ணோடு ஒட்டிப் பரவும் என்றார்கள். அதுவரை, எரு போட்ட மண் வீணாகக் கூடாதென்று, பட்ட செடியின் வேர்மண்ணை நாங்கள் பாத்தியிலேயே உதறிக்கொண்டிருந்தோம்.

"ரெண்டாவதும் போச்சுன்னா ஆறு பேரும் வூட்டுலதான் குந்தணும்," என்றாள் அண்ணி. மறுநாளே அவள் சொல்லி வாசலுக்கு டிரம் வந்தது.

பிரஷ் கேட்ட அன்று மதியம் முதலாளி புழு மருந்து டப்பாவோடு வந்தார். செடிகளைப் பிடுங்கி எரித்திருந்த முதல் குடிலின் பாத்திகளில் அதைக் கலந்து ஊற்றவேண்டும்.

"உள்ள அனலா இருக்குங்க. சாயங்காலம் ரெண்டு பக்கமும் தொறந்து வச்சுட்டு ஊத்துறோம்."

"நாளைக்கு நாத்து வந்துடும். இப்பவே ஊத்து."

"கைக்கு உறைங்க?"

"நாளைக்கு வாங்கிக்கலாம்."

நான் வாளியை எடுத்தேன். அண்ணி பிடுங்கிக்கொண்டாள். "பாலு குடுக்குறவ நீ. தள்ளி நில்லு. நீயும் வராதக்கா, ஒருத்தி போதும்."

முந்தானையை மூக்கோடு சுற்றிக்கொண்டு பிளாஸ்டிக் மக்கில் மொண்டு ஊற்றினாள். மூன்றாவது பாத்தியில் வாளியைக் கீழே வைத்தாள், சிந்தாமல். வெளியே வந்து வாந்தி எடுத்தாள். வாயில் நுரை தள்ளியது. பெரம்பலூர் ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ நின்றபோது அவள் கை என் மடியில் சில்லென்று கிடந்தது.

"முன்னாடியே நெஞ்சு வலி இருந்திருக்கும்," என்றார் முதலாளி. அண்ணிக்கு வயது முப்பத்துநான்கு.

போன மாதம் அரியலூர்ப் பக்கத்து விவசாயிகள் பண்ணையைப் பார்க்க வந்தார்கள்.

"காலு கழுவாம யாரும் உள்ள வரக்கூடாது. இது இங்க நான் வச்ச சட்டம்," என்றார் முதலாளி. அவர்கள் வரிசையாக நின்றார்கள். காத்தாயி அக்கா டிரம்மிலிருந்து மொண்டு ஒவ்வொரு காலுக்கும் ஊற்றினாள்.

உள்ளே போய் அவர் ஒரு செடியைப் பிடுங்கித் தூக்கிக் காட்டினார். வேர் வெள்ளையாக இருந்தது. ஒரு முடிச்சுகூட இல்லை.